இரண்டு சோரன்சன்களும் ஒரு வெடிகுண்டு பேட்ஜும்

வோர்ஸ்கோ,
19 ஜூன் 1996

அன்புள்ள தம்பி பிரீபனுக்கு அக்கா ஆஸ்டா எழுதிக்கொள்வது,

இங்கே நான் நலம், இடது முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி நடந்துகொள்கிறது. நீயும் லிஸ்பெத்தும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். போர்ன்ஹோமிலிருந்து நீங்கள் அனுப்பிய புகைமீன் பத்திரமாக வந்தது. கம்பு ரொட்டியோடு மூன்று நாள் ஓட்டினேன். மழை நின்று வெயில் வந்திருக்கிறது, ஸ்ட்ராபெரி இனிக்கத் தொடங்கிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ இருபத்தாறு வருஷம் ராணுவத்தின் உடைக் கிடங்கில் உட்கார்ந்து சீருடை விதிகளைக் கரைத்துக் குடித்தவன். ஒருவர் தனக்குத் தகுதியில்லாத பேட்ஜைத் தெரியாமல் மாட்டிக்கொண்டு ஊர் முன்னால் நின்றால், தண்டனை மாட்டியவருக்கா, தைத்தவளுக்கா? தைத்தவள் உன் அக்கா என்பதை மனதில் வைத்துக்கொண்டு பதில் எழுது.

இந்த வசந்தத்தில் எங்கள் ஊர்ப் படைமுகாமில் எல்லாருக்கும் புதுக் கோட்டு கொடுத்தார்கள். பழையதிலிருந்து பேட்ஜைப் பிரித்துப் புதியதில் தைக்கும் வேலை வழக்கம்போல என்னிடம் வந்தது. குறிபார்த்துச் சுட்டவனுக்கு ஒன்று, பாராசூட்டில் குதித்தவனுக்கு இறக்கை, நாய் பழக்குபவனுக்கு ஒன்று என்று என் சாப்பாட்டு மேசை முழுக்க வீரதீரம் பரவிக் கிடந்தது. ஒவ்வொரு கோட்டின் உள்ளும் உரியவரின் படை எண் இருந்தது, மேலே பெயர், பேட்ஜ் விவரம் எழுதிய சீட்டு ஒன்றைக் குத்தி அனுப்பியிருந்தார்கள். அதில் இரண்டு கோட்டு ஈ. சோரன்சனுக்கு. ஒருவர் எகோன் சோரன்சன், முகாமின் சமையல்காரர், முப்பது வருஷ சேவையில் அவர் வாங்கியது நீண்ட நடைப் பயணத்தை முடித்ததற்கான பேட்ஜ் ஒன்றே ஒன்று. மற்றவர் எர்லிங் சோரன்சன், பழைய குண்டுகளைச் செயலிழக்கச் செய்பவர், நாட்டிலேயே சில பேருக்குத்தான் இருக்கும் பேட்ஜ் அவருடையது. குழப்பம் வேண்டாம் என்று நாங்கள் சமையல் சோரன்சன், குண்டு சோரன்சன் என்றே சொல்வோம். உயரமும் வயிறும் இருவருக்கும் ஒரே அளவு, அங்கேதான் கடவுள் என்னைக் கைவிட்டார். காற்றுக்காக ஜன்னலைத் திறந்தேன், அந்த இரண்டு சீட்டும் பறந்தன, குனிந்து பொறுக்கினேன், முழங்கால் வலித்தது, கையில் கிடைத்ததைக் கிடைத்த கோட்டில் குத்தினேன். தையல் மட்டும் அற்புதம், பல்லால் கடித்தாலும் பிரியாது.

போன சனிக்கிழமை ஊர்த் திருவிழா. சந்தைத் திடலில் முகாமின் சார்பில் மஞ்சள் பட்டாணி சூப் ஊற்றுவது வழக்கம். மேஜர் லிண்டகோர் எல்லாரும் புதுக் கோட்டில்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டதால், சமையல் சோரன்சன் அவசரமாகக் கோட்டை மாட்டி, அதன்மேல் ஏப்ரனைக் கட்டி, பதினொரு மணி வரை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். புழுக்கம் தாங்காமல் ஏப்ரனைக் கழற்றினார். நான் சூப் வாங்க அப்போதுதான் வரிசையில் நின்றேன். அவர் மார்பைப் பார்த்தேன். எனக்கு சூப் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

வாயைத் திறப்பதற்குள் ஹோல்கர் பிராஸ்க் வந்து சேர்ந்தான். தோட்டக்கார ஹோல்கரை உனக்கு நினைவிருக்கும், பிடிவாதத்துக்குப் பிறந்தவன். அவன் கொடிமரம் போன புயலில் முறிந்துவிட்டது, திருவிழா நாளில் கொடி இல்லாமல் எப்படி என்று விடிந்ததும் புதுக் குழி தோண்டியிருக்கிறான். கடப்பாரை எதிலோ மோதி டங் என்றது. வெளியே எடுத்தால் முழங்கை நீளத்துக்குத் துருப்பிடித்த பீரங்கிக் குண்டு, போர்க்காலத்தில் ஜெர்மன்காரன் விட்டுப்போனது. வேறு யாராக இருந்தாலும் போன் செய்திருப்பார்கள். இவன் அதை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் ஏற்றி, கல் பாவிய தெருவில் கடகடவென்று தள்ளிக்கொண்டு, குழந்தை குட்டிகளுக்கு நடுவே புகுந்து, நேரே சூப் அண்டாவின் முன்னால் நிறுத்தினான்.

“குண்டு எடுக்கிறவர் நீங்கதானே? பேட்ஜைப் பார்த்தேன். இது வெடிக்குமா, இல்ல பழைய இரும்புக்காரன்கிட்ட போடலாமா?” என்றான்.

சமையல் சோரன்சன் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிரீபன், அந்தப் பார்வையை நான் சாகும் வரை மறக்கமாட்டேன்.

“நான் சமையல்காரன்ப்பா,” என்றார்.

“அடக்கத்தைப் பாரு!” என்று பின்னாலிருந்து, ஊருக்குப் புதிதாக வந்த போலீஸ்காரர் யூல் சிரித்தார். “போன வருஷம் எங்க பழைய ஊர்ப் பாலத்துக்கடியில குண்டு எடுத்தவரும் இப்படித்தான், எனக்கு என்ன தெரியும்னுட்டே எடுத்தாரு.”

“நெசமாத்தான் சொல்றேன். நான் உரிச்சது எல்லாம் உருளைக்கிழங்குதான்.”

எல்லாரும் கைதட்டினார்கள். நம் ஊரில் தனக்கு ஒன்றும் தெரியாது என்பவனைத்தானே பெரிய ஆள் என்று நினைப்போம். அவர் உண்மையைச் சொல்லச் சொல்ல மரியாதை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். கரண்டியைக் கீழே வைத்தார்.

“யூல், முகாமுக்குப் போன் போட்டு எர்லிங்கை வரச் சொல்லுங்க. இந்த மாதிரி வேலைக்கு ரெண்டு பேர் வேணும்,” என்றார். யூல் ஓடினார். பிறகு இவர் ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்று, சூப் ரெடி என்று சொல்லும் அதே குரலில் சொன்னார்: “எல்லாரும் கேளுங்க. தேவாலயத்துக்குப் பின்னால ஸ்ட்ராபெரி கேக் வெட்டப்போறோம். முதல்ல வர்றவங்களுக்குத்தான் பெரிய துண்டு.”

குண்டு என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் மிதித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். கேக் என்றதும் ஒரே திசையில், ஒழுங்காக, பெரிய துண்டை நினைத்துக்கொண்டு நடந்தார்கள். நான்கு நிமிஷத்தில் திடல் காலி. அங்கே கேக் எதுவும் கிடையாது என்பது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஹோல்கர் மட்டும் நகரவில்லை. வண்டி புதுசாம், விட்டுவிட்டுப் போனால் யாராவது எடுத்துக்கொள்வார்களாம்.

“கையை எடு ஹோல்கர்,” என்றார் சமையல் சோரன்சன்.

“என் வண்டி.”

“உன் வண்டிதான். கையும் உன்னோடதுதான். ரெண்டுல எது வேணும்?”

ஹோல்கர் கொஞ்சம் யோசித்தான், அதற்கும் யோசித்தான் பார், பிறகு விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான். நாங்கள் மூவரும் மெதுவாக நடந்து நூலகத்தின் கல் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம். “என் தப்பு எகோன், சீட்டை மாத்திக் குத்திட்டேன்,” என்றேன். “அதை அப்புறம் பேசிக்கலாம் ஆஸ்டா, இப்ப ஏதாவது வேற பேசுங்க,” என்றார். உன் புகைமீனைப் பற்றிப் பேசினோம்.

இருபது நிமிஷத்தில் குண்டு சோரன்சன் ஜீப்பில் வந்து இறங்கினார். யூல் கை நீட்டித் தடுத்தார்.

“நில்லுங்க. நீங்க நடைப் போட்டியில நடந்தவரு. பேட்ஜ் சொல்லுது. உள்ள நிபுணர் இருக்காரு.”

“நான்தான்யா நிபுணர்! வர்ற வழியிலதான் நானே இதைக் கவனிச்சேன்!”

“எல்லாரும் இன்னிக்கு அதையேதான் சொல்றாங்க.”

சமையல் சோரன்சன் எழுந்து வந்தார். கோட்டைக் கழற்றி நீட்டினார். மற்றவரும் கழற்றினார். நட்ட நடுத்தெருவில், குண்டு ஒரு பக்கம் இருக்க, இரண்டு பெரிய வயிறுகளும் சட்டையோடு நின்று கோட்டு மாற்றிக்கொண்டன. பேட்ஜைப் பார்த்ததும் யூல் சல்யூட் அடித்து வழிவிட்டார். குண்டு உயிரோடுதான் இருந்தது. ஊருக்கு வெளியே மணல் குழியில் வைத்து மூன்று மணிக்கு வெடிக்க வைத்தார்கள், தேவாலயத்தின் கண்ணாடிகள் எல்லாம் அதிர்ந்தன. அதைப் பற்றி ஊரில் யாருக்கும் கவலையில்லை. கேக் எங்கே என்று கேட்டார்கள். பாவம் எகோன், முகாம் சமையலறைக்குப் போய் மாலை வரை நின்று இருநூறு பேருக்குக் கேக் செய்தார். நான் ஸ்ட்ராபெரிக்குக் காம்பு கிள்ளிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மேஜர் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். மேஜை மேல் விதிப்புத்தகம் திறந்து கிடந்தது. “தகுதியில்லாத பேட்ஜை அணிந்தது உண்மையா?” என்றார். “உண்மை சார், காலையில மாட்டுனதிலேருந்து கோட்டைக் கழட்டுற வரைக்கும்,” என்றார் எகோன். என் தப்பு என்று நான் நடுவில் புகுந்தேன். மேஜர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, குண்டு சோரன்சன் பக்கம் திரும்பி, நீ என்ன சொல்கிறாய் என்றார்.

அவர் மெதுவாகத்தான் பேசினார். “எங்க தேர்வுல ரெண்டு பாகம் சார். முதல் பாகம், எதையும் தொடாம ஆளுங்களை விலக்குறது. பசங்க பாதிப் பேர் அதுலதான் தோத்துப்போவாங்க, கை பரபரக்கும். எகோன் அதுல முழு மார்க். ரெண்டாம் பாகம் எனக்குப் போதும்.”

மேஜர் புத்தகத்தை மூடினார். “பேட்ஜ் தவறுதலாக அணியப்பட்டது, திருத்தப்பட்டது” என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் எகோன் தன் நடை பேட்ஜை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். தன் சொந்தக் கோட்டுக்கு மாற்ற, என் தையலை பிளேடால் அறுத்து எடுத்திருந்தார். “எனக்கு வேற எதுவும் வேண்டாம் ஆஸ்டா. இது கால்ல கொப்புளம் வெடிச்சு வாங்குனது. இதையே நல்லா தைச்சுக் குடுங்க.” அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன். கண் மங்கியதால் இரண்டு முறை விரலில் குத்திக்கொண்டேன்.

ஆனாலும் தம்பி, அன்று நூறு குழந்தைகள் அந்தத் திடலில் இருந்தார்கள். எகோன் இடத்தில் பேட்ஜின் பெருமைக்கு ஆசைப்பட்ட ஒருவன் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எனவே இனி ஊசியைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்து, இன்று காலை மேஜருக்கு விலகல் கடிதம் கொடுத்தனுப்பிவிட்டேன். இந்த முடிவை யாராலும் மாற்ற முடியாது. நீயும் முயற்சி செய்யாதே.

லிஸ்பெத்துக்கு என் அன்பு. கடவுள் உங்கள் கூரையையும் படகையும் காக்கட்டும்.

என்றும் உன் அக்கா,
ஆஸ்டா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மேஜர் போன் செய்தார். குளிர்காலக் கோட்டு நாற்பத்தாறையும் தைத்துத்தர நான் சம்மதித்துக் கையெழுத்திட்டு அனுப்பிய தாள் கிடைத்ததாம், மிக்க நன்றியாம், நாளை காலை எட்டு மணிக்கு முதல் மூட்டை வருமாம். அந்தத் தாளில் போன மாதமே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன், இன்று காலை உறைக்குள் போனது அதுதான். விலகல் கடிதம் இதோ என் காபிக் கோப்பைக்கு அடியில் கிடக்கிறது. அவரிடம் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “எட்டரைக்கு அனுப்புங்க, எட்டு மணிக்கு நான் குளிச்சிட்டிருப்பேன்” என்று வந்துவிட்டது.