துக்கத்துக்கு அத்தாட்சி

சங்கீத வாத்தியாரைக் காதால் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் காட்டுமிராண்டிப் பழக்கத்தை ஒழித்து, காகிதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் நாகரிக முறையை உலகத்துக்கு வழங்கிய பெருமை அரியலூருக்கே உரியது. இதை நான் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கமிட்டியின் காரியதரிசியே நான்தான் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெயர் காசிநாதன்.

விஷயம் ரயில்வே ஸ்டேஷனில் ஆரம்பித்தது. யுத்தம் உச்சத்தில் இருந்த 1944இல், அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிவந்த ஸ்பெஷல் ஒன்று எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க அரியலூரில் நின்றது. கறுப்புச் சிப்பாய் ஒருவர் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கிட்டார் வாசித்தார். கோர்ட் வாய்தாவுக்காகத் திருச்சி வண்டியை எதிர்பார்த்து நின்ற விக்கிரமங்கலம் சிங்காரவேலு உடையார் அதைக் கேட்டார். திருச்சி வண்டி வந்தது, போனது. உடையார் நின்ற இடத்திலேயே நின்றார்.

ஸ்டேஷன் மாஸ்டர் சிப்பாயிடம் விசாரித்து வந்து சொன்னார்: "இதுக்குப் பேரு 'புளூஸ்'ங்களாம். மனசுல துக்கம் இருக்கிறவனுக்குத்தான் இது கைக்கு வருமாம்."

அன்று சாயங்காலமே உடையார் எனக்கு ஆள் அனுப்பினார்.

"காசிநாதன், எனக்கு நஞ்சை இருக்கு, புஞ்சை இருக்கு, முந்திரித் தோப்பு இருக்கு, ரைஸ் மில் இருக்கு. துக்கந்தான் இல்ல. இந்தப் புளூஸைக் கத்துக்கிட்டே ஆவணும். நல்ல துக்கமுள்ள வாத்தியாரா ஒருத்தரைப் பாருங்க."

"பாத்துடலாங்க" என்றேன். துக்கம் வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்ட பணக்காரரை இந்த வட்டாரத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எவ்வளவு பெரிய மனசு.

அடுத்த வாரமே 'பெரம்பலூர் - அரியலூர் புளூஸ் கிட்டார் போதகர் தெரிவுக் கமிட்டி' உதயமாயிற்று. அக்கிராசனர் உடையார். காரியதரிசி நான். ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் வேணுகோபாலும், கையெழுத்துப் போடுவதில் அனுபவசாலிகளான வேறு இருவரும் அங்கத்தினர்கள். ஐந்து பேரில் ஒருவருக்கும் கிட்டார் தெரியாது. ஆகையால் பாரபட்சத்துக்கு இடமே இல்லை.

வருகிறவர்களை வாசித்துக் காட்டச் சொல்வதா வேண்டாமா என்பதை மூன்று கூட்டங்களில் தீர விவாதித்தோம். வேணுகோபால்தான் முடிச்சை அவிழ்த்தார்.

"வாசிக்கச் சொல்றோம்னு வெச்சுக்குங்க. நல்லா வாசிக்கிறானா இல்லியான்னு நம்மளால சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க."

"அப்புறம் எதுக்குக் கேட்டுக்கிட்டு?"

துக்கத்தை மட்டும் பரிசீலிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். 'துக்க அத்தாட்சிப் பத்திரம்' ஒன்றை நானே கண்விழித்துத் தயாரித்தேன். துக்கம் நேர்ந்த இடம், தேதி, சாட்சிகள், துக்கத்துக்குக் காரணமானவர் பெயர் என்று கட்டங்கள். கடைசியில், சரிபார்த்ததாகக் காரியதரிசியின் கையொப்பம். துக்கம் நம் எல்லைக்குள் நேர்ந்ததாக இருக்கவேண்டும், வெளியூர்த் துக்கம் ஒப்புக்கொள்ளப்படாது என்பது இரண்டாவது விதி. விண்ணப்பத்தோடு கொடுக்கப்படும் அத்தாட்சிகள் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டா என்பது ஐந்தாவது விதி. ஐந்தாவது விதி எதற்கு என்று எனக்குத் தெரியாது. எல்லா நோட்டீஸிலும் அப்படி ஒன்று இருக்கிறது, அதனால் நாமும் போட்டுவைப்போம் என்று போட்டேன்.

ரைஸ் மில் ஆபீஸில் பேட்டி நடந்தது. முதலில் வந்தவர் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கும் அய்யம்பெருமாள்.

"என்ன துக்கம்?" என்றேன்.

"மாமியா வூட்டோட வந்துட்டாங்க."

"எப்ப?"

"போன தை மாசங்க."

"எப்பப் போவாங்க?"

அய்யம்பெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அங்கத்தினர்கள் இருவர் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள். ஆனால் என் கண்ணுக்கு எதுவும் தப்பாது. 'காரணமானவர்' கட்டத்திலும் மாமியார் பெயர், சாட்சிக் கட்டத்திலும் அதே மாமியாரின் கைநாட்டு. செய்தவரே அதற்கு அத்தாட்சியும் கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று மேஜையைத் தட்டிக் கேட்டேன். பத்திரம் தள்ளுபடி ஆயிற்று. கமிட்டி என் நேர்மையைப் பாராட்டிக் குறிப்பு எழுதியது. எழுதியது நான்தான்.

இரண்டாவதாகக் கிருஷ்ணமூர்த்தி. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் மூன்று தடவை தோற்றவர். மூன்று தடவையும் கெஜட்டில் நம்பர் வராமல் சர்க்காரே உறுதிப்படுத்திய துக்கம். இதைவிட என்ன வேண்டும்?

"கிட்டாரை எப்பவாவது பாத்துருக்கீங்களா, தம்பி?" என்றார் வேணுகோபால்.

"படத்துல பாத்துருக்கேன் சார்."

அடக்கமான பதில். அவர் என் மனைவியின் தம்பி என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மூன்றாவதாக வந்தவர் சாமிக்கண்ணு. குன்னத்தில் வெங்காயக் கொல்லைகளில் களை வெட்டிப் பிழைப்பவர். கையில் சாக்குச் சுற்றிய ஒரு பெரிய பொருள். பத்திரம் இல்லை.

"எளுதத் தெரியாதுங்க. வாயால சொல்லட்டுங்களா?"

எளியவர்களுக்கு இரங்குவது என் சுபாவம். பேனாவைத் திறந்தேன்.

"துக்கம் எங்க நடந்துச்சு?"

"பர்மாவுலேருந்து வர்ற வழியிலங்க. ரங்கூன் தொறைமொகத்துல மூட்டை தூக்கிட்டிருந்தேன். குண்டு போட ஆரம்பிச்சதும் நடந்தே கெளம்பிட்டோம். மலையில காச்சல் கண்டு எம் பொஞ்சாதி வீராயி போயிட்டா."

"எந்தக் கிராமம்?"

"கிராமம் இல்லீங்க. மலைங்க."

"அதுக்கு முன்சீப் யாரு?"

"இருந்திருந்தா அவரும் எங்களோட நடந்துருப்பாருங்க."

"எல்லைக்கல்லாவது ஏதாவது இருந்துச்சா?"

"பொணந்தாங்க இருந்துச்சு. வழி பூரா."

பேனாவை மூடினேன். சந்தேகமில்லை, வெளியூர்த் துக்கம்.

"அத்தாட்சின்னு கையில ஏதாவது இருக்கா?" என்றேன், சம்பிரதாயத்துக்கு.

சாக்கைப் பிரித்தார். உள்ளே ஒரு கிட்டார். "இது ஒண்ணுதாங்க. கப்பல் சமையக்காரரு ஒருத்தரு, கறுப்பு ஆளு, குடுத்துக் கத்தும் குடுத்தாரு. நடக்க முடியாம சட்டி, பொட்டி எல்லாத்தையும் வழியில போட்டுட்டோம். இத மட்டும் வீராயி போடல. ஊருக்குப் போயி இதுலதான் பொளைக்கணும்னு அவதான் தூக்கிட்டு வந்தா."

சொல்லிவிட்டு, கமிட்டி கேட்காமலேயே வாசித்தார். ஒழுங்குமீறல்தான். வெளியே நெல் புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முறத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உடையாருக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. வந்தவர் குன்னத்துக்காரர் ஆகையால், அது வெங்காய நெடி என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்தேன்.

"இதேதான்யா" என்றார் உடையார். "ஸ்டேஷன்ல கேட்டேனே, அதே. இவனையே வெச்சுக்குவமா?"

வேணுகோபால் அவர் காதோரம் குனிந்தார். "வெச்சுக்கலாங்க. ஆனா குருன்னா குருதான். தெனம் அவன் வரப்ப நீங்க எழுந்து நின்னு கும்புடணும். நாளைக்கே அவன் சனம் நம்ம கொல்லைக்குக் களை வெட்ட வரும், அப்ப நம்மள மதிக்குமா? யோசிச்சுக்குங்க."

உடையார் யோசித்தார். வெற்றிலை போட்டுக்கொள்ளும் நேரம் இருக்கும். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விதி என்ன சொல்லுது, காசிநாதன்?" என்றார்.

விதி சொன்னதை நான் சொன்னேன். விண்ணப்பம் தள்ளுபடி. அதற்குள் கிட்டாரின் மேல் 'அனுபந்தம் 1' என்று சீட்டும் ஒட்டியிருந்தேன். காரியம் என்றால் எனக்குச் சுறுசுறுப்பு.

சாமிக்கண்ணு கும்பிட்டுவிட்டு, கிட்டாரை எடுக்கக் கை நீட்டினார்.

"அது அனுபந்தம்" என்றேன்.

"அப்படின்னா என்னங்க?"

"விண்ணப்பத்தோட சேந்தது. திருப்பித் தர விதி இல்ல."

"அவ தூக்கிட்டு வந்ததுங்க, அது."

"அஞ்சாவது விதி."

அவர் எங்கள் ஐந்து பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாங்கள் ஐந்து பேரும் விதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெறும் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் குன்னத்துக்கு நடந்தார்.

அப்போதுதான் ஐந்தாவது விதியின் தீர்க்கதரிசனம் எங்களுக்கு விளங்கியது. போதகராகத் தேர்வான கிருஷ்ணமூர்த்தியிடம் கிட்டார் கிடையாது. சீமையிலிருந்து வரவழைக்கலாம் என்றால் யுத்தத்தில் கப்பலும் கிடையாது. அனுபந்தம் 1 மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

ஆறு மாதமாக வகுப்பு அமோகமாக நடக்கிறது. கிட்டாரை எப்படிப் பிடிப்பது என்பதைக் கிருஷ்ணமூர்த்தி படத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறார். உடையார் தினமும் எழுந்து நின்று அவரைக் கும்பிடுகிறார். போன மாதம் மட்டும் கொஞ்சம் சலித்துக்கொண்டார்.

"இன்னும் துக்கம் வரலியே, வாத்தியாரே."

"மூணாவது வருஷம் நல்லா வருங்க. எனக்கு அப்படித்தான் வந்துச்சு."

எல்லாம் இப்படிச் செவ்வனே நடந்துகொண்டிருந்தபோது, மூன்று நாளைக்கு முன் சாமிக்கண்ணு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கக்கத்தில் அதே சாக்கு.

"அய்யா, இப்ப ஒரு துக்கம் இருக்குங்க. வெளியூருது இல்லீங்க. உங்க எல்லைக்குள்ளதான் நடந்துச்சு. ஒரு பத்திரம் எளுதிக் குடுங்க."

நியாயமான கோரிக்கை. மறுக்க ஒரு விதியும் இல்லை. உடனே உட்கார்ந்து எழுதினேன். இடம்: அரியலூர் ரைஸ் மில் ஆபீஸ். தேதி: பேட்டி நடந்த தேதி. சாட்சிகள்: கமிட்டியார் ஐவர். இவ்வளவு சுத்தமான பத்திரம் இதுவரை என் கைக்கு வந்ததில்லை. 'காரணமானவர் பெயர்' கட்டம் வந்தது. சீட்டு ஒட்டியவர் யார், விதி எழுதியவர் யார் என்று கோப்பைப் புரட்டிப் பார்த்து, உள்ளபடியே நிரப்பினேன்: காசிநாதன்.

இனி அடியில், சரிபார்த்தவர் கையொப்பம் ஒன்றுதான் பாக்கி. அதையும் காசிநாதன்தான் போட வேண்டும். சாமிக்கண்ணு வாசலிலேயே நிற்கிறார். பேனாவில் மை இல்லை என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.