வேலிக்கு அங்காலப் பச்சை

"பிள்ளை, என்ர கச்சானுக்கு மஞ்சள் காமாலையோ?" என்று கேட்டார் நவரத்தினம்.

விவசாயப் போதனாசிரியர் தனுசியா ஒரு இலையைப் பிய்த்துப் பார்த்தாள்.

"உப்பு மண் ஐயா. மண்ணில இரும்புச்சத்து கிடந்தாலும் வேரால எடுக்க ஏலாமல் கிடக்கு. ஜிப்சம் போட்டு, வாய்க்கால் தண்ணியை நல்லா விட்டு உப்பைக் கழுவுங்கோ. கூட்டெருவும் போடுங்கோ. இலைக்கு இரும்புச்சத்து தெளிக்கலாம். உடன மாறாது, பொறுக்க வேணும்."

பொறுப்பதுதான் நவரத்தினத்துக்கு வராது. இடம்பெயர்ந்து போன ஊரெல்லாம் தையல் மெஷின் மிதித்தவர். காலையில் வெட்டிய சட்டையைப் பின்னேரம் போட்டுப் பார்த்துப் பழகியவர். அடம்பனுக்கு அங்கால், கடற்காற்று படும் சொந்தக் காணிக்குத் திரும்பிவந்து வாழ்க்கையில் முதன்முதலாகப் போட்ட நிலக்கடலைப் பயிர் இது. கச்சான் எண்ணெய் ஆட்டி ஒழுங்கைச் சனத்துக்கெல்லாம் வடை சுட்டுத் தருவதாக வேறு வாக்குக் கொடுத்துவிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் மீன் வியாபாரி மர்சூக்கின் காணி. மர்சூக் மன்னாரில் வாடகைக்கு இருந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து போவான். அங்கே அதே வட்ட இலை, அதே மஞ்சள் பூ. ஆனால் எல்லாம் கரும்பச்சை!

"மர்சூக்கிட்ட ஏதோ ரகசியம் இருக்கு," என்றார் நவரத்தினம்.

"போய்க் கேளுங்கோவன்," என்றாள் மனைவி இராசேஸ்வரி.

"தொழில் ரகசியத்தை ஆர் சொல்லுவினம்? சட்டையைப் பாத்தே அளவெடுக்கிறவன் நான். வேலிக்குள்ளால பாத்துப் பிடிக்கிறன்."

இராசேஸ்வரி காணியின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினாள். "அந்தப் பாதி உங்களுக்கு. இந்தப் பாதியில நான் அந்தப் பிள்ளை சொன்னபடி செய்யிறன்."

அடுத்த முறை வந்த மர்சூக், மீன் பெட்டிகளில் கிடந்த உப்புத்தண்ணியைச் செடிகளின் அடியில் ஊற்றிவிட்டுப் போனான்.

"மீன் சத்து!" நவரத்தினம் மீன்பிடி ஊரான தாழ்வுபாட்டுக்குப் போய்க் கலனில் மீன் தண்ணி கொண்டுவந்து ஊற்றினார். இலைகளின் ஓரம் கருகியது. ஊரிலுள்ள காகமெல்லாம் வந்து சேர்ந்தது.

பிறகு மர்சூக் சாக்குக் கணக்கில் அடுப்புச் சாம்பல் கொட்டினான். நவரத்தினம் வீடு வீடாகப் போய்ச் சாம்பல் வாங்கினார். மஞ்சளாக இருந்த இலை வெள்ளையாகிப் போனது.

"ஐயோ ஐயா, இந்த மண்ணுக்குச் சாம்பலோ?" தனுசியா தலையில் கைவைத்தாள். "இரும்புச்சத்து இன்னும் கிடைக்காமல் போகுமே!"

"வேலிக்கு அங்கால பாருங்கோ பிள்ளை, பிறகு கதையுங்கோ," என்றார் அவர். வேலி உயரம், தனுசியாவோ கட்டை. இராசேஸ்வரியின் பாதியைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவள் போய்விட்டாள்.

கடைசியாக மர்சூக் தன் காணியில் ஆடுகளைக் கட்டினான். அவை ஒரு இலையைக்கூடத் தொடவில்லை.

"பாத்தியே, எவ்வளவு ஒழுக்கமான ஆடுகள்! எருவும் ஆச்சு, பயிருக்கும் சேதமில்லை." நவரத்தினம் நாலு ஆடுகளை இரவலாகக் கொண்டுவந்து கட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது அவருடைய பாதி வெறும் தரை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் மட்டும் இராசேஸ்வரியின் கச்சான் குளுகுளுவென்று நின்றது. ஆடுகள் அதையும் எட்டிப் பார்க்க, அவள் விளக்குமாற்றோடு நின்றாள்.

"வடைக்கு என்ர பாதி காணும்," என்றாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இனியாவது அந்த மனிசனைக் கேளுங்கோ."

நவரத்தினம் வெட்கத்தை விட்டு வேலியடிக்குப் போனார். அவர் வாய் திறக்குமுன் மர்சூக்கே ஓடி வந்து, வெறுந்தரையை ஆசையோடு எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, வீடு கட்ட இந்தத் தகரைக் களைப் பத்தையை அழிக்கவெண்டு நானும் உப்புத்தண்ணி ஊத்தி, சாம்பல் கொட்டி, ஆடும் கட்டிப் பாத்திட்டன், ஒண்டும் சாகுதில்லை, நீங்கள் மட்டும் என்னெண்டு இவ்வளவு கெதியா அழிச்சனீங்கள்?"