தெற்கே போன பெலார்மினோ

பெலார்மினோ ஓயார்சூன் காலை மாத்தே இலைத் தேநீரைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டுக் குடுவையை மேஜைமேல் டொக்கென்று வைத்தார்.

"முடிவு பண்ணிட்டேன்!"

மனைவி சுனில்டா அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "என்னத்த?"

"மான் ஏரிக்குப் போறேன். தனியா. கத்தி ஒண்ணு, சக்கிமுக்கிக் கல்லு ஒண்ணு. கூடாரம் கிடையாது, காம்பஸ் கிடையாது, வரைபடம் கிடையாது."

"மூளையாவது எடுத்துட்டுப் போறீங்களா?"

பெலார்மினோ பெரிய மனது பண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. அவருடைய வயிற்றெரிச்சல் வேறு. ஒவ்வொரு கோடையும் ஊர்க் குதிரைச் சங்கம் மலைமேல் மான் ஏரிக்குப் பயணம் போகும். முன்னால் வழி காட்டிப் போகிறவன் சுனில்டாவின் அண்ணன் எரிபெர்தோ. நகராட்சி குமாஸ்தா பெலார்மினோ வரிசையில் கடைசி. அவருக்கும் பின்னால் வருவது மூட்டை சுமக்கிற கோவேறு கழுதை ஒன்றுதான், அதுவும் சில நாள் முந்திவிடும். வருஷா வருஷம் முப்பது குதிரைகள் கிளப்புகிற தூசியைத் தின்று அவருக்கு அலுத்துவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை விருந்தில் புது வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். தனியாக ஏரியைப் பார்த்துவிட்டு வந்தவனை எவன் மறுப்பான்?

"மலை ஏறணும்னு அவ்வளவு ஆசைன்னா, வீட்டுக்குப் பின்னால இருக்கிற நம்ம குன்றுல ஏறலாமே" என்றாள் சுனில்டா. "கல்யாணம் ஆகி இருபது வருஷமாச்சு. என் ஆட்டுப்பட்டி வடக்கயா தெக்கயான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கம்பளின்னா எனக்குத் தும்மல் வரும்னு தெரியாதா உனக்கு?"

"கம்பளிப் போர்வைக்குள்ள குறட்டைதான வருது!"

அன்று நடுப்பகல் எரிபெர்தோ தன் லாரியில் அவரை ஆற்றுப் பாலத்தில் இறக்கிவிட்டான். "மாப்ள, இங்கருந்து நேரா தெக்க. நாலு நாள்ல திரும்பி வந்துருங்க. வரலைன்னா தங்கச்சி என்னைத்தான் வறுத்து எடுப்பா."

"எனக்கா தெக்கு சொல்லித் தர்றே?" என்று சிரித்தார் பெலார்மினோ.

அவர் சும்மா சிரிக்கவில்லை. குளிர்காலம் முழுக்கக் கைபேசியில் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரனிடம் காட்டுவித்தை படித்தவர். கடிகாரத்தின் சின்ன முள்ளைச் சூரியனுக்கு நேராகப் பிடி. அதற்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் போகிற கோடு தெற்கு. மரத்தில் பாசி படர்ந்த பக்கம் வடக்கு. எவ்வளவு சுலபம்! பெலார்மினோ கடிகாரத்தைப் பிடித்தார், பாசியைத் தடவினார், இரண்டும் ஒத்துப்போவதைக் கண்டு பூரித்துப்போய் நடையைக் கட்டினார்.

ஐயா, அந்தத் தாடிக்காரன் பூமியின் மேல் பாதிக்காரன். அவன் ஊரில் நடுப்பகல் சூரியன் தெற்கே நிற்கும். எங்கள் பட்டகோனியாவில் வடக்கே நிற்கும், பாசி தெற்குப் பக்கம் பிடிக்கும். இங்கே ஆட்டுக்குப் பின்னால் நடக்கிற எவனுக்கும் இது தெரியும். ஆட்டுக்கே தெரியும். பெலார்மினோ ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தான் லாரியில் வந்த திசைக்கே, காட்டு வழியாக, நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

சாயங்காலம் மேகம் இறங்கிவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. சக்கிமுக்கிக் கல்லைத் தட்டித் தட்டிக் கட்டைவிரலில் இருந்து ரத்தம்தான் வந்தது, நெருப்பு வரவில்லை. முள்ளுப்புதர் கால்சட்டையைக் கிழித்தது. இருட்டுகிற நேரத்தில், அழலாமா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, மூடுபனிக்குள் ஒரு பலகைக் குடிசை தெரிந்தது.

எங்கள் மலைக் குடிசைகளுக்குப் பூட்டு கிடையாது. வழிப்போக்கன் வரலாம், அடுப்பு மூட்டலாம், இருப்பதைச் சாப்பிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் தின்றவன் சும்மா போகக் கூடாது. விறகு பிளந்து வைக்க வேண்டும், உடைந்தது கண்ணில் பட்டால் சரிபண்ண வேண்டும். பெலார்மினோ தீக்குச்சியைக் கண்டதும் அதை முத்தமிட்டார். அடுப்பு மூட்டினார். அங்கே தொங்கிய ஆட்டு உப்புக்கண்டத்தை நறுக்கிப் போட்டுச் சூப் வைத்துக் குடித்துவிட்டு, போர்வைக்குள் விழுந்து, குறட்டை விட்டார்.

மறுநாள் விடிந்து பார்த்தால் வாசலில் துணி சுற்றிய சுடு ரொட்டி! பக்கத்தில் ஒரு சுத்தியல், ஒரு டப்பா ஆணி, ஒரு கட்டு மரஓடு. ஆள் அரவம் இல்லை. கூரையை அண்ணாந்து பார்த்தார். நாலைந்து இடத்தில் வானம் தெரிந்தது.

"புரிஞ்சுது சாமி" என்றார் மூடுபனியைப் பார்த்து.

மேகம் விலகவே இல்லை. பத்தடிக்கு அப்பால் உலகமே இல்லை. பெலார்மினோ கூரைமேல் ஏறினார். ஆபீஸில் காகிதத்தைத் தவிர எதையும் தூக்காத மனுஷன், வேலை செய்யச் செய்ய ஒரு மாதிரி ருசி கண்டுவிட்டார். ஓட்டுக்கு மேல் ஓடு, இடைவெளி தெரியாமல், வரிசை பிசகாமல். தும்மல்கூட வரவில்லை. அடுத்த காலையும் ரொட்டி, கூடவே ஒரு ரம்பம். விறகு அறுத்தார். அதற்கடுத்த காலை ரொட்டியோடு ஒரு கதவுக்கீல். கதவை மாட்டினார். மேகம் கலைந்ததும் ஏரி கண்ணில் படும், இங்கேயே எங்காவது பக்கத்தில்தான் இருக்கும் என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது.

நாலாம் நாள் மேகம் கலைந்தது.

ஏரி இல்லை. கீழே ஒரு வீடு இருந்தது. பச்சைத் தகரக் கூரை. கொல்லையில் கொடி. கொடியில் தொங்கிய நீள உள்ளாடை, பின்பக்கம் நீலத்துணி ஒட்டுப்போட்டது, சந்தேகமே இல்லாமல் பெலார்மினோவுடையது.

பக்கத்தில் மேய்ந்த ஆடு தலையைத் தூக்கியது. இடது காதில் இரட்டை வெட்டு, வலது காதில் துளை. அந்தக் காது அடையாளத்தைச் சுனில்டா பெயரில் பதிவு செய்து முத்திரை குத்தியதே அவர்தான். இருபது வருஷமாக எட்டிப் பார்க்காத தன் பெண்டாட்டியின் பட்டிக் குடிசையில் அந்நியனாகத் தின்று படுத்திருக்கிறார்! காது மடல்வரை எரிந்தது அவருக்கு. அவள் தினமும் இந்த மேட்டை ஏறியிருக்கிறாள், அந்த ஓட்டைக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து நனைந்திருக்கிறாள். நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது, கேவலமாக இருந்தது.

சரி, உடனே இறங்கிப் போய் ஒப்புக்கொண்டாரா? அதுதான் இல்லை. எவனோ வழிப்போக்கன் என்றுதானே ரொட்டி வைத்திருக்கிறாள், முகத்தைப் பார்த்திருக்க மாட்டாளே என்று நினைத்தார். ஓடைக்குள் குனிந்து ஓடி, ஊரைச் சுற்றிக்கொண்டு, தெற்குச் சாலை வழியாகக் கைவீசி நடந்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து. ஆட்டுக்குட்டி கம்பியில் விரிந்து நெருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. சங்கம் முழுக்கக் கூடியிருந்தது.

"ஏரி எப்படி இருந்துச்சு மாப்ள?" என்றான் எரிபெர்தோ.

"ஈரமா இருந்துச்சு."

ஆஹா என்றார்கள். முதுகில் தட்டினார்கள். தலைவர், "அப்போ இந்த வருஷம் முன்குதிரை பெலார்மினோவுக்கே" என்று வாயெடுத்தார். பெலார்மினோவின் கண்ணில் தூசியில்லாத மலைப்பாதை ஒன்று விரிந்தது.

அப்போது சுனில்டா எழுந்தாள். "ஒரு நிமிஷம். முதல் விலா எலும்பை ஒருத்தருக்காக எடுத்து வைங்க. என் பட்டியில யாரோ ஒரு புண்ணியவான் மூணு நாள் தங்கி, கூரையைப் புதுசாக்கிட்டுப் போயிருக்கான். பேர் தெரியல. ஊரறிய நன்றி சொல்லணும்."

"பாத்தேன் பாத்தேன்!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "என்ன சுத்தமான வேலை! மழை ஒரு சொட்டு இறங்காது."

"கட்டினா அந்த மாதிரி ஆம்பளையைக் கட்டணும்" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். பெலார்மினோவும் தட்டினார். தன்னைப் பாராட்டி ஊர் தட்டுகிற கைதட்டலை, தன்னுடையது என்று சொல்ல முடியாமல், தானே தட்டித் தொலைக்க வேண்டியிருந்தது.

"நல்ல வேலைதான்" என்று எரிபெர்தோ மோவாயைச் சொறிந்தான். "ஆனா முகட்டுல ஒரு ஓடு கோணல். அவசரக்காரப் பய போலிருக்கு."

"கோணலா?" பெலார்மினோ துள்ளி எழுந்தார். "என்னய்யா கோணல்? மரமே வளைஞ்சு வந்தா நான் என்ன பண்ணுவேன்? மூணு தடவை கழட்டி மூணு தடவை அடிச்சேன்!"

கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது.

அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள்! கட்டியிருந்த குதிரைகள் மிரண்டன. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்குதிரையை மறுபடியும் எரிபெர்தோவுக்கே கொடுத்தார். பெலார்மினோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பூமி பிளந்தால் இறங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

சுனில்டா முதல் விலாவைத் தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

"உனக்கு... எப்பத் தெரியும்?"

"முதல் நாள் ராத்திரியே. ஆட்டைப் பாக்க வந்தேன். குறட்டை வாசல் வரைக்கும் கேட்டுச்சு."

"அப்பவே எழுப்பியிருக்கலாமே சுனில்டா!" அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் இருபது வருஷமா அங்க வராதது தப்புதான். ரொம்பத் தப்பு."

"அட, அது கெடக்கு விடுங்க." அவள் இன்னும் கிட்டத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "பட்டிக்கு மேற்கால வேலி முழுக்கச் சாய்ஞ்சு கெடக்கு. மறுபடி எப்போங்க தொலையப் போறீங்க?"