தனியே நின்ற ஜீன்ஸ்

இது நான் நேரில் பார்த்ததல்ல. எங்கள் லாரிப் பட்டறையின் பெயிண்டர், தன் அக்கா புருஷனைப் பற்றிச் சொன்னது. அந்த அக்கா புருஷன் எங்கள் ஃபிட்டரேதான். பட்டறை ஆபீஸில் நான் புதிது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் முடித்தவன் நான் ஒருவன்தான். விசாரிக்காமல் எதையும் சொல்லப் பயம்.

கல்யாணமானதிலிருந்து ஃபிட்டருக்குத் துணி எடுப்பது மனைவிதான். வேலைக்குப் போடும் ஜீன்ஸ் முழங்காலில் கிழிந்த அன்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த முறை தானே எடுப்பதாகவும், அது சரியில்லை என்றால் ஆயுசுக்கும் மனைவி எடுத்ததையே போடுவதாகவும் சபதம் செய்தார்.

கடையில் மனைவி, முட்டியில் இரட்டைத் துணி வைத்த, மடங்கிக் கொடுக்கும் ஜீன்ஸ் ஒன்றைக் காட்டினார். தலையணை உறைக்கு ஆகும் என்று இவர் ஒதுக்கிவிட்டார். இரும்புத் தகட்டைத் தட்டுவதுபோல் ஒவ்வொன்றாகத் தட்டி, அதே நிறத்தில் ஒன்றை எடுத்துத் தரையில் நிறுத்தினார். ஆள் இல்லாமலே அது நின்றது.

"பாத்தியா? உறுதின்னா இது."

"அது நிக்குதுங்க. நீங்க உட்காரணுமே."

"போடப் போடப் பழகிடும்."

"எது? அதுவா, நீங்களா?"

அந்த வாரம் ஃபிட்டர் எந்த லாரிக்கு அடியிலும் போகவில்லை. ஸ்பேனர் கீழே விழுந்தால் யாராவது அந்தப் பக்கம் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில், செரிமானத்துக்கு நல்லது என்று சொல்லி நின்றுகொண்டே சாப்பிட்டார். மனைவி காலையில் குனிந்து அவருடைய ஷூவுக்கு நாடா கட்டிவிட்டார்.

முதல் சலவைக்குப் பிறகு அதிசயம். ஜீன்ஸ் வெண்ணெயாகிவிட்டது. ஃபிட்டர் கூடத்தில் குந்தி எழுந்து, மறுபடி குந்திக் காட்டினார்.

"நான் சொல்லல? துணிக்கு என் உடம்பு புரிஞ்சுடுச்சு."

"தோத்துட்டேங்க. உங்க கண்ணு எனக்கு வராது. இனிமே காய்கறி, மளிகை, எல்லாம் நீங்களே பாத்து வாங்கிட்டு வந்துடுங்க."

வெற்றி பெற்றவர் மறுக்க முடியுமா?

நடந்தது என்னவென்றால், அந்தம்மா தான் காட்டிய ஜீன்ஸையே போய் வாங்கி, இவர் எடுத்த ஜீன்ஸின் இடுப்பு லேபிளைப் பிரித்து அதில் தைத்துவிட்டாராம். பெயிண்டர் இதைச் சொன்னபோது நான் அரை மனதாகத்தான் நம்பினேன். மீதி அரை மனது அவர் பேச்சை நம்பியே ஆகவேண்டும் என்றது. காரணம், ஃபிட்டரின் சிபாரிசில் நானும் அந்த நிற்கிற ஜீன்ஸை வாங்கியிருந்தேன். துவைத்துத் துவைத்துப் பார்த்தும் அதற்கு என் உடம்பு புரியவில்லை.

போன ஞாயிறு ஃபிட்டரைச் சந்தை வாசலில் பார்த்தேன். கையில் நீல நிறத்தில் ஒரு காலிப் பை. வெளியே இரண்டு பின்பாக்கெட்.

"வீட்ல தெச்சது தம்பி. என்ன துணியோ, கிழியவே மாட்டேங்குது."

பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி, பையைத் தரையில் வைத்தேன்.

நின்றது.