கடைசி வரியில் என் பெயர்

கல்யாண அழைப்பிதழை யாரும் மேலிருந்து படிப்பதில்லை. மணமக்கள் பெயர், முகூர்த்தம், மண்டபம் எல்லாம் அப்புறம். கண் முதலில் போவது அடிப்பக்கத்துக்கு. தன் பெயர் இருக்கிறதா, யாருக்கு மேலே, யாருக்குக் கீழே? சிறு வயதிலிருந்தே இதைப் பார்த்து வருகிறேன். பார்த்திருந்தும், என் தங்கை வசந்தியின் அழைப்பிதழில் ஒரு காரியம் செய்தேன். அதை வேண்டுமென்றே செய்யவில்லை என்று இன்றுவரை நம்புகிறவன் குடும்பத்தில் நான் ஒருவன்தான்.

அப்போது உத்திரமேரூரில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். ஏரி உடைந்தாலும் மாடு காணாமல் போனாலும் நான்தான் எழுதுவேன். அச்சில் வருவது "உத்திரமேரூர்" என்ற ஊர்ப் பெயர் மட்டும். (ஊரே உட்கார்ந்து எழுதிய மாதிரி இருக்கும்.) ஆறு வருடத்தில் என் பெயர் ஒரு முறைகூட வரவில்லை.

கணினியில் தமிழ் எழுத்துருக்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத காலம் அது. நான் ஒன்றில் அடித்த செய்தி, அலுவலகத்தில் திறந்தால் கட்டமும் கேள்விக்குறியுமாக நிற்கும். காஞ்சிபுரத்தில் மாலை வகுப்புக்குப் போய்க் கற்ற அரைகுறை அறிவை வைத்து, ஒரு எழுத்துருவை இன்னொன்றாக மாற்றி அச்சிடும் சின்ன மென்பொருள் ஒன்றை எழுதினேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இணையத்தில் ஏற்றினேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். காசு வேண்டாம். ஒரே நிபந்தனை, என் பெயர் இருக்க வேண்டும்.

நாலு மாதத்தில் அதே மென்பொருள் வேறொரு தளத்தில் இருந்தது. அதே பொத்தான்கள், நான் விட்ட அதே எழுத்துப்பிழைகள். செய்தவர் பெயர் மட்டும் வேறு. மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை.

அடுத்த பதிப்பில் ஒரு பொறி வைத்தேன். முகப்பில் என் பெயரை யாராவது மாற்றியிருந்தால், அச்சிடும்போது பக்கத்தின் கடைசி வரியில் "சு. கதிரவன், உத்திரமேரூர்" என்று தானாக விழும். யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று அந்தத் துண்டுக்கு "ஓரம் சரிசெய்தல்" என்று பெயரிட்டேன். இவ்வளவு சலிப்பான பெயருள்ள ஒன்றை யார் திறந்து பார்ப்பார்கள்? கடைசி வரியில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. (அது போய்விடும். அவ்வளவுதான்.) புதிய பதிப்பையும் அந்த ஆள் எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். எடுத்தார்.

இதற்கிடையில் வசந்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. அழைப்பிதழ் வாசகத்தை நானே அடித்து, ஃப்ளாப்பியோடு அச்சகத்துக்குப் போனேன். அங்கே கணினி வேலை பார்த்தவர் ஸ்டெல்லா. என் எழுத்துரு அவரிடம் இல்லை.

"பரவால்லண்ணா, மாத்தறதுக்கு ஒரு சாஃப்ட்வேர் கீது" என்று ஒன்றைத் திறந்தார். என்னுடையது. முகப்பில் அந்த இன்னொரு பெயர்.

"இது எங்க கெட்ச்சுது?"

"ஓனரு மெட்ராஸ்ல சி.டி. வாங்கியாந்தாரு."

"இது நான் எழுதனது."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "இதுல வேற பேரு கீதேண்ணா" என்றார், மிக மரியாதையாக.

அச்சுப் பிரதி வெளியே வந்தது. கடைசி வரியில் சு. கதிரவன், உத்திரமேரூர். பொறி வேலை செய்துவிட்டது!

"ண்ணா, அடியில உங்க பேரு தானா வந்து குந்திக்கினு கீது. எட்த்துடட்டா?"

"கை வெக்காதீங்க! அதான் ஆதாரம்."

"நீங்க குட்த்ததுல அங்க வேற இன்னாவோ இருந்தா மாறி..."

"அப்படியே இருக்கட்டும்."

செய்தியில் ஒரு கால்புள்ளி தவறினாலும் பிடிக்கும் கண் என்னுடையது. அன்று அது ஒரே ஒரு வரியைத்தான் பார்த்தது. "சரி" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் பெயரோடு அச்சேறிய முதல் படைப்பு அதுதான்.

முதல் அழைப்பிதழ் தாய்மாமனுக்கு. அம்மாவும் நானும் வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு ராஜகுளம் போனோம். அம்மாவுக்கு ஒரே தம்பி ஏழுமலை மாமா. மணப்பெண் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவர் அவர். அவர் கட்டாமல் வசந்தி மணையில் உட்கார முடியாது.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராக அடிப்பக்கத்தைப் பார்த்தார். 

"இன்னாடா கதிரு, எங்க அக்கா பொண்ணுக்கு நீ எப்படா தாய்மாமன் ஆன?"

வாங்கிப் பார்த்தேன். "மணமகளின் தாய்மாமன்" என்ற வரி அப்படியே இருந்தது. அதன் கீழே "வே. ஏழுமலை, ராஜகுளம்" இருக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். அண்ணன் என்ற முறையில் மேலேயும் இருந்தேன்.

அத்தை எட்டிப் பார்த்தார். "ரெண்டு எடத்துல போட்டுக்கினு கீறான். மண்டபத்துக்கும் உன் பேரையே வெச்சிருக்கலாமே நைனா? பட்டத்தையும் நீயே கட்டிடு, எங்களுக்கு வேல மிச்சம்."

அம்மா தட்டை நீட்டியபடியே நின்றார். "எனக்குக் கூடப் பொறந்தது ஒருத்தன்தாண்டா" என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் விளக்க முயன்றேன். "மாமா, நான் ஒரு சாஃப்ட்வேர் எழுதி எல்லாருக்கும் சும்மா குட்த்தேன். ஒருத்தன் என் பேர எட்த்துட்டு அவன் பேர போட்டுக்கினான். அதுக்கோசரம்..."

"சும்மாதான குட்த்த? எவன் பேரு இருந்தா உனக்கு இன்னா?"

"செஞ்சது நான் மாமா. பேரு கூட இல்லன்னா எப்படி?"

மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் சீரு செய்றனே, இன்னா வாடகைக்கா உட்றேன்? நானும் சும்மா தாண்டா குடுக்கறேன். பேரு ஒன்னுதான் கேக்கறேன். உன் பேர எவனோ அட்ச்சான். நீ வந்து என் பேர அடிக்கற. அவனுக்கும் உனக்கும் இன்னாடா வித்தியாசம்?"

இணையத்தில் நான் படித்த உரிம வாசகங்கள் எதிலும் இவ்வளவு தெளிவு இல்லை. மாமா தட்டை வாங்கவில்லை. "பேர போட்டுக்கினு வா. அப்பால வாங்கறேன்."

மறுபடி அச்சடிக்க நாள் இல்லை. ஸ்டெல்லா மாமாவின் பெயரைச் சின்னச் சீட்டுகளாக அடித்துக் கொடுத்தார்.

"எந்த சாஃப்ட்வேர்ல போட்டீங்க?" என்றேன்.

"கையாலயே டைப் பண்ணிட்டேண்ணா. அதான் சேஃப்டி."

ஐந்நூறு அழைப்பிதழ்கள். ஒவ்வொன்றிலும் என் பெயர்மேல் நானே பசை தடவி மாமாவை ஒட்டினேன். பாதி முடிந்தபோதுதான் அடுத்த கவலை வந்தது. இந்தப் பதிப்பு இன்னும் எங்கெங்கே போயிருக்கிறதோ? எந்த ஊர்க் கோயில் நோட்டீஸில், எந்தக் கண்ணீர் அஞ்சலியில், யாருடைய கடைசி வரியைத் தின்றுவிட்டு நான் உட்கார்ந்திருக்கிறேனோ? பெயரை எடுத்தவர் ஒருவர். அவருக்கு ஒரு கீறலும் விழவில்லை. அவரிடமிருந்து வாங்கிய யார் யாருக்கோ விழுந்தது.

பிரவுசிங் சென்டருக்குப் போய், இப்படி ஒரு பொறி வைத்திருந்தேன் என்று வெளிப்படையாக எழுதி, அது இல்லாத பதிப்பை ஏற்றினேன். முகப்பில் என் பெயர். அதன் கீழே வெற்றிடம். "இதில் வேலை செய்தவர்கள் உங்கள் பெயரைக் கீழே சேருங்கள். மேலே உள்ளதை எடுக்காதீர்கள்." அழைப்பிதழ் மாதிரியேதான். சில வருடங்களில் ஏழு பெயர்கள் சேர்ந்தன. இனி அந்தப் பெயர் வரிசைதான் பூட்டு. உடைப்பது சுலபம். உடைத்தால் ஏழு பேர் கேட்பார்கள். பழைய ஆள் பெயர் அதில் இல்லை. அவர் தளமும் ஒரு நாள் காணாமல் போனது.

சீட்டு ஒட்டிய அழைப்பிதழோடு போனதும் மாமா தட்டை வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்கும் வந்தார். பட்டத்தைக் கையில் எடுத்தவர், சபை முழுக்கக் கேட்கும்படி என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் கட்டட்டா, நீ கட்றியா?" என்றார்.

பிறகு வசந்திக்குப் பெண் பிறந்தது. காதுகுத்து அழைப்பிதழ் வந்தது. இப்போது நான் உண்மையாகவே தாய்மாமன். கண் நேராக அடிப்பக்கத்துக்குப் போனது. அங்கே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: வே. ஏழுமலை, ராஜகுளம். நகத்தால் பெயர்த்தேன். அடியில் என் பெயர் பத்திரமாக இருந்தது. விசாரித்ததில், வேறு யாருக்கு வந்ததிலும் சீட்டு இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் எந்த விசேஷமானாலும் எனக்கு வரும் அழைப்பிதழில் ஒரு சீட்டு இருக்கும். மாமா தன் கையால் ஒட்டுவது. இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது, சீட்டு கோணலாக வருகிறது. நான் அதை உரிப்பதில்லை.