செயல்வழி கற்போர் பெஞ்சு தூக்கிய படலம்

ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாகக் கற்கிறது என்பது ஜூன் மாதம் பதினேழாம் தேதி முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள் வரை எல்லாக் குழந்தைகளும் ஒரே விதமாகத்தான் கற்றுக்கொண்டிருந்தன. அல்லது ஒரே விதமாகக் கற்காமல் இருந்தன.

இதைத் தெரிவிக்கும் சுற்றறிக்கை, ஜெயங்கொண்டம் தாண்டி முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு நடுநிலைப் பள்ளிக்கு வாட்ஸப்பில் வந்து சேர்ந்தது. அந்தப் பள்ளியில் தொண்ணூற்றாறு பிள்ளைகளும் நான்கு ஆசிரியர்களும் பூட்டிய பீரோ ஒன்றும் இருந்தார்கள். ஆசிரியர்களில் வெற்றிச்செல்விதான் வயதில் சின்னவள், தற்காலிகம் வேறு. நாலு பேர் இருக்கும் இடத்தில் அவளுக்குப் பேச்சு வராது. அதனால் எல்லாப் பயிற்சி வகுப்புகளுக்கும் தலைமையாசிரியர் அய்யம்பெருமாள் அவளையே அனுப்பினார். மாட்டேன் என்று சொல்வதற்கும் வாய் திறக்க வேண்டுமல்லவா?

அரியலூரில் பயிற்சி நடந்தது. எல்லாரையும் ஒரே மாதிரி உட்கார வைத்து மணிக்கணக்கில் பேசுவது எவ்வளவு பெரிய தவறு என்று, நூற்றிருபது ஆசிரியர்களை ஒரே மாதிரி உட்கார வைத்து ஆறு மணி நேரம் பேசினார்கள். மாலையில் ஒரு கட்டு அட்டை கொடுத்தார்கள். காட்சிவழி கற்போருக்கு நீலம். செவிவழி கற்போருக்குப் பச்சை. செயல்வழி கற்போருக்கு ஆரஞ்சு. எல்லாப் பிள்ளைகளும் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

யாருக்கு எந்த நிறம் என்று கண்டுபிடிக்க நாற்பது கேள்விகள் கொண்ட எழுத்துத் தேர்வு இருந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கவே தடுமாறும் பிள்ளைகள், தங்களுக்கு வாசிப்பு சரிப்படாது என்பதை வினாத்தாளை வாசித்து எழுத்து மூலமாகத் தெரிவிக்க வேண்டியிருந்தது.

ஏழாம் வகுப்பு மலர்க்கொடி முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டாள். 'புதிய ஒன்றைத் தெரிந்துகொள்ள நீ என்ன செய்வாய்? (அ) படம் பார்ப்பேன் (ஆ) பிறர் சொல்லக் கேட்பேன் (இ) தொட்டுப் பார்ப்பேன்.'

"எதைங்க டீச்சர்?"

"எதையாவது."

"பாம்பா இருந்தா தொட மாட்டேன் டீச்சர்."

அது சரியான பதில் என்று வெற்றிச்செல்விக்குத் தெரிந்தது. ஆனால் அதற்குக் கட்டம் இல்லை. "ஏதாவது ஒண்ணுல டிக் பண்ணு மலரு" என்றாள். மலர்க்கொடி பையில் எப்போதும் ஒரு கல் வைத்திருப்பாள். சுண்ணாம்புக்கல் தோண்டும் பக்கம் பொறுக்கியது. நத்தை போலச் சுருண்டிருக்கும். அதைத் தடவிப் பார்த்துவிட்டு (இ) என்று போட்டாள். ஆரஞ்சு ஆனாள்.

செயல்வழி கற்போருக்கென்று ஏற்கெனவே ஒரு பெட்டி வந்திருந்தது. லென்ஸ், காந்தம், தராசு எல்லாம் அதில் உண்டு. அது பீரோவில் இருந்தது.

"திறந்து குடுக்கலாமா சார்?" என்று வெற்றிச்செல்வி தலைமையாசிரியரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏம்மா, புள்ளைங்க தொட்டா உடைஞ்சிடாது? ஆய்வுக்கு வர்றப்ப முழுசா இருக்கணும்ல?"

"அப்ப அவங்க எதைச் செஞ்சு கத்துக்கறது சார்?"

அய்யம்பெருமாள் யோசித்தார். பள்ளியில் செய்ய வேண்டியது எவ்வளவோ இருந்தது. ஆரஞ்சு அட்டைக்காரர்கள் பெஞ்சுகளை இடம் மாற்றினார்கள். தொட்டி கழுவினார்கள். கடைக்குப் போய் டீ வாங்கி வந்தார்கள். பதிவேட்டில் இவை முறையே 'விசையும் இயக்கமும்', 'நீரின் பண்புகள்', 'வெப்பம் கடத்தல்' என்று பதியப்பட்டன. நீல அட்டைக்காரர்கள் ஜன்னல் வழியே இதைக் கண்டு காட்சிவழி கற்றார்கள். தலைமையாசிரியர் ஆரஞ்சு அட்டைக்காரர்களைத் திட்டுவதைப் பச்சை அட்டைக்காரர்கள் செவிவழி கற்றார்கள். பள்ளியில் கற்காத பிள்ளை என்று ஒன்றுகூட இல்லை.

ஆரஞ்சு வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் தெற்குத் தெருப் பிள்ளைகள் என்பது வெற்றிச்செல்வியின் கண்ணில் பட்டது. படிவத்தில் அதற்கும் கட்டம் இல்லை.

இரண்டாவது வாரம் மலர்க்கொடியின் அம்மா ராசாத்தி வந்தாள். முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை செய்பவள்; விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது.

"ஏன் டீச்சர், எம்மவ படிக்க வந்தாளா, செமக்க வந்தாளா?"

"அவ செயல்வழி கற்கிறாம்மா."

"செமக்கறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? எங்கூட கொட்டகைக்கு வந்தா உக்காந்துகிட்டே செய்யலாம். பொழுதுக்கும் டீ வாங்கிட்டு வரான்னு ஊரே சிரிக்குது. நான் காலாண்டுப் பரிச்சை வரைக்கும்தான் பாப்பேன். ஒரு பாடத்துல முப்பத்தஞ்சு கொறைஞ்சாலும் கூட்டிட்டுப் போயிடுவேன், சொல்லிப்புட்டேன்."

வெற்றிச்செல்வி தலைமையாசிரியரிடம் போய் நின்றாள். மலர்க்கொடியின் அட்டையை மாற்ற முடியாதா என்று கேட்டாள்.

"ஆப்ல மாத்தற பட்டனே இல்லம்மா. கற்றல் பாணிங்கறது பொறப்புலயே வர்றது."

"ரைஸ்மில்காரர் பேரனுக்கு மட்டும் நீலமா மாத்துனீங்களே சார்?"

"அது தட்டச்சுப் பிழை" என்றார் அய்யம்பெருமாள்.

செப்டம்பரில் ஆய்வு வந்தது. கற்றல் பாணி ஒருங்கிணைப்பாளர் கலைவாணன் காரிலிருந்து இறங்கியதும், "முதல்ல செயல்வழியைக் காட்டுங்க" என்றார். ஆரஞ்சு அட்டைக்காரர்கள் நாற்காலி போட்டார்கள்.

"இது இல்ல சார். பெட்டி எங்க? பெட்டி வழங்கினோமே?"

"பீரோவுல பத்திரமா இருக்கு சார். அதோட சாவி மேசை டிராயர்ல இருக்கு."

"டிராயரைத் திறங்க."

"டிராயர் சாவி பீரோவுக்குள்ள இருக்கு சார்."

கலைவாணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்போது, "தள்ளுங்க சார்" என்று ஒரு குரல் கேட்டது. மலர்க்கொடி ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து வந்து, பூட்டுக்குள் விட்டு ஒரு திருப்புத் திருப்பினாள். பீரோ திறந்துகொண்டது. "எங்க கொட்டகைப் பூட்டும் இப்படித்தான் சார், சாவியே போடறதில்ல" என்றாள். கேட்காமலே பெட்டியிலிருந்து லென்ஸை எடுத்தாள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தன் கல்லைப் பார்த்தாள். பிறகு இரண்டையும் அதிகாரியிடம் நீட்டினாள்.

"சார், இது கடல்ல இருக்கற சங்கு மாதிரியே வரிவரியா இருக்கு. அப்ப கடல் இங்கயா சார் இருந்துச்சு?"

கலைவாணன் கல்லைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தார். "ஆரஞ்சு. சரி, கேள்வி கேக்கறது எந்தப் பாணியில வருது?"

தலைமையாசிரியர் சுற்றறிக்கையைப் புரட்டினார். இரண்டு பக்கமும் பார்த்தார். எதிலும் வரவில்லை.

வெற்றிச்செல்வி ஓரடி எடுத்து வைத்தாள். மாவட்டத்துக்கே முன்னால் நிற்பது போல இருந்தது. "சார், அவ எப்பவுமே இப்படித்தான். கேட்டுக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்குவா" என்றாள். "அவளை வகுப்புக்குள்ள உக்கார விட்டாப் போதும் சார்."

கலைவாணனின் முகம் மலர்ந்தது. "அப்படின்னா இது நாலாவது வகை! இதுவரைக்கும் யாருமே கண்டுபிடிக்கலையே!"

பதினைந்தே நாளில் புதிய சுற்றறிக்கை வந்தது. 'வினாவழி கற்போர்', அட்டை ஊதா. ஒவ்வொரு மாணவரும் நாள்தோறும் ஐந்து வினாக்கள் வினவுதல் வேண்டும். வினாக்களுக்கு முன்னதாகத் தலைமையாசிரியரின் ஒப்புதல் பெறப்பட வேண்டும். விடைகள் குறித்துத் தனிச் சுற்றறிக்கை பின்னர் வெளியிடப்படும். இணைப்பில் மாதிரி வினா எண் ஒன்றாக, 'கடல் இங்கே இருந்ததா?' என்பது இருந்தது.

மலர்க்கொடி ஊதா அட்டையோடு வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தாள். தொண்ணூற்றாறு பிள்ளைகளும் காலை வணக்கத்தில் அவள் கேள்வியை மூன்று முறை உரக்கச் சொன்னார்கள்.

"டீச்சர், அதுக்குப் பதில் என்னங்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. வெற்றிச்செல்விக்குத் தெரியும். ஆனால் வாசலில் தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்தார். "அது மூணாம் பருவத்துல வருது மலரு."

"இதுக்குப் பெஞ்சே தூக்கலாம் டீச்சர். அங்கயாவது பேசிக்கிட்டே தூக்கலாம்."

காலாண்டுத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. 'வினாவழி கற்றலின் நன்மைகள் ஐந்தினை எழுதுக.' ஐந்து மதிப்பெண். மலர்க்கொடி இரண்டே வரி எழுதியிருந்தாள். 'கேட்டால் யாராவது பதில் சொல்வார்கள். அது ஒன்றுதான் நன்மை, அதையும் இன்னும் யாரும் சொல்லவில்லை.'

விடைக்குறிப்பில் ஐந்து நன்மைகள் இருந்தன. இது அதில் இல்லை. பதினேழு வருடம் படித்துப் பழகிய வெற்றிச்செல்வியின் கை, அவளைக் கேட்காமலே சிவப்பு மையில் சைபர் போட்டது. கூட்டியும் வைத்தது: முப்பத்தொன்று.

முப்பத்தொன்றைப் பார்த்ததும் ராசாத்தியின் கறுத்த விரல்கள் நினைவுக்கு வந்தன.

சைபரை அடித்துவிட்டு ஐந்து போட்டாள். முப்பத்தாறு. போட்ட மதிப்பெண்ணைத் திருத்தினால் அதற்கொரு படிவம் உண்டு. திருத்தத்துக்கான காரணம்: (அ) கூட்டல் பிழை (ஆ) பதிவுப் பிழை (இ) ஆசிரியரின் கவனக்குறைவு. 'விடை சரியாக இருந்தது' என்று ஒரு கட்டம் இருக்கிறதா என்று பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு (அ) என்று டிக் செய்தாள்.

மலர்க்கொடி பள்ளிக்கூடத்திலேயே இருந்தாள். கூட்டல் தெரியாத ஆசிரியர்களுக்கான சிறப்புப் பயிற்சிக்கு வெற்றிச்செல்வியின் பெயர் போனது.

அரியலூரில் அதே மண்டபம். வாசலில் நாற்பது கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்து, திருத்தி, ஆரஞ்சு அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டினார்கள். "செயல்வழியா? நல்லதாப் போச்சு. அந்தப் பெஞ்சையெல்லாம் உள்ள எடுத்துப் போடுங்க மேடம்."

ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். மறுமுனையில் ஆரஞ்சு அட்டையோடு அய்யம்பெருமாள் நின்றிருந்தார். அரசுப் பூட்டை மாணவி திறந்ததற்காக அவருக்குத் தனிப் பயிற்சி.

பாதி வழியில் பெஞ்சை இறக்கி மூச்சு வாங்கினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, நெசமாவே இங்க கடல் இருந்துச்சா?"

வெற்றிச்செல்வி தன் முனையைத் தூக்கினாள்.

"அது மூணாம் பருவத்துல வருது சார். புடிங்க."