ஒரு வாரத்தில் திருத்தித் தருபவர்

பிறர் பெற்ற பிள்ளைகளை வளர்ப்பதற்கென்றே ஓர் இனம் பூமியில் உலவுகிறது. வந்து, சோபாவில் சாய்ந்து, காபியில் சர்க்கரை போதாது என்று குறை சொல்லி, குழந்தையை மேலும் கீழும் பார்த்து, கடைசியில் தீர்ப்பு வழங்கும்: "ஒரு வாரம் என்கிட்ட விடுங்க. சரி பண்ணித் தர்றேன்."

இதுவரை யாரும் விட்டதில்லை. அந்தத் தைரியம்தான்!

எனக்குத் தெரிந்த ஒருத்தியின் அண்ணன் இந்த இனத்தில் முதல் தரம். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அவள் மகளுக்கோ எட்டு வயது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் மனம் ஜன்னல் வழியே போய்விடும்; உட்காரச் சொன்னால் கால் ஆடும்; கோபம் வந்தால் கை நீளும். போன வாரம் வகுப்புத் தோழியைக் கடித்துவிட்டாள். டாக்டரிடம் காட்டிவிட்டுத் திங்கட்கிழமை வாருங்கள், இல்லையென்றால் வேறு பள்ளி பாருங்கள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். தாயின் நெஞ்சு சுக்குநூறாகிக் கிடந்தது. சனிக்கிழமை வரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தார்.

"டாக்டரா? நம்ம வீட்டுப் பொண்ணுக்கா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"கவனம் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதுண்ணா. அவ வேணும்னு பண்ணல. இது ஒரு குறைபாடா இருக்கலாம்னு டீச்சரே..."

"செல்லம்! எல்லாம் நீ குடுக்கிற செல்லம்! என் வண்டியில ஏறுறவன் நேரா ஓட்டுறானா இல்லையா? பிரேக்கை மிதிக்கத் தெரியணும். மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க."

மாப்பிள்ளை எப்போதும் கடைசியாகப் பேசியவர் பக்கம். "மச்சான் சொல்றதும் சரிதானே. டாக்டர் வேண்டாம்னு சொல்லிடலாமா?"

அவள் எழுந்தாள். சண்டை போட்டால் திமிர் என்பார்கள். அழுதால் நடிப்பு என்பார்கள். உள்ளே போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டு கவுன், பிரஷ், போர்வை எல்லாவற்றையும் பையில் அடுக்கினாள். கொண்டுவந்து அண்ணன் காலடியில் வைத்தாள்.

"ஒரு வாரம் எதுக்குண்ணா? காலை வரைக்கும் வெச்சுக்கங்க. கொஞ்சம் மாறியிருந்தாலும் டாக்டர்கிட்ட போகல."

அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

"இன்னைக்கா? சாயங்காலம் கிளாஸ் இருக்கே..."

"அங்கேயே உட்கார வைங்க."

மென்று விழுங்கியபடி அழைத்துப் போனார். இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். சட்டையில் பொத்தான் இல்லை; முழங்கையில் பல் தடம். பயிற்சி வண்டியில் ஏறி விடாமல் ஹாரன் அடித்தாளாம். இவர் கை ஓங்கினாராம்.

"மாமா கத்தினாரும்மா. பயமா இருந்துச்சு. கடிச்சிட்டேன்." தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு குழந்தை தேம்பியது.

அண்ணன் வெட்கப்பட்டாரா? அதற்கு வேறு இனத்தில் பிறந்திருக்க வேண்டும்!

"பார்த்ததுமே கண்டுபிடிச்சிட்டேன். இது செல்லம் இல்ல, குறைபாடு. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டணும். இத்தனை நாள் ரெண்டு பேரும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"மச்சான் சொல்றதும் சரிதானே," என்றார் மாப்பிள்ளை.

சனிக்கிழமை டாக்டர் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து, அவள் பேசி முடிக்கும்வரை கேட்டார். பிறகு தாயிடம், "இது உங்க தப்பு இல்லம்மா. பொறுமையா பார்த்துக்கிட்டா நல்லா வருவா. பள்ளிக்கூடத்துக்கு நான் எழுதித் தர்றேன்," என்றார். தாய் வாய்விட்டு அழுதாள். கண்டுபிடித்த பெருமையை அண்ணன் இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? அவள் பையை அடுக்கியபோது, 'பெத்தவ இப்படியா பிள்ளையை அனுப்புவா?' என்று மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதினீர்களே, யாரிடம் கேட்டு எழுதினீர்கள்?